கடைசித் தண்ணீர்

முத்தையன்கட்டுச் சிறுபோகக் கூட்டத்தில்
கையை உயர்த்தி எழும்பியவன் நான்தான்.
"கடைசித் தண்ணி எந்தத் திகதி எண்டு
இப்பவே சொல்லுங்கோ.
விதைச்சாப் பிறகு சொன்னால்
வரம்பில நிண்டு நாங்கள் என்ன செய்யிறது?"
பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு எழுதினார்:
இத்தனை ஏக்கர். இன்ன நாள் திறப்பு. இன்ன நாள் பூட்டு.
கமக்காரர் கைதட்டினார்கள்.
இரண்டு ஏக்கர்க்காரன் நான்
இருநூறு ஏக்கர்க்காரன் போலக் கதிரையில் இருந்தேன்.

அது பங்குனி.
ஆனியில்
ஒட்டுசுட்டான் பயிற்சி நிலையத்தில்
வீட்டு மின்னிணைப்புப் பாடநெறியின் கடைசி நாள்.
வவுனியாவிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்
எழில்வதனியிடம் பதிவேட்டைக் கேட்டார்.

எந்தப் பதிவேடு என்று
அவள் என்னைத்தான் பார்த்தாள்.

இருபத்துநான்கு செய்முறை.
ஒவ்வொன்றின் கீழும் திகதி, என் கையெழுத்து.
இல்லாவிட்டால் தேர்வுக்கு இருக்க முடியாது.
முதல் நாள் எட்டரைக்குச் சொன்னேன்,
ஒருமுறை, மின்விசிறிச் சத்தத்துக்குள்.
நெடுங்கேணி பஸ் வந்து சேர்ந்தது ஒன்பது பத்துக்கு.
அலுவலக யன்னலில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது,
சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.
அதன்மேல் போயா விடுமுறை அறிவித்தல்.

மற்றப் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன்.
நான் சொல்லியிருப்பேன் என்று
மற்றப் பிள்ளைகள் நினைத்தார்கள்.

இருவழிச் சுவிச்சை அவள் பூட்டினால்
திரும்பச் சோதிக்கத் தேவையில்லை.
செம்பில் ஒரு கீறல் விழாமல் உறை உரிப்பாள்.
கம்பி மாற்றிப் பூட்டிய என் பிழையை
ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்,
பெடியள் காதில் விழாமல்.
இருபத்துநான்கும் செய்தவள். நான் சாட்சி.
சாட்சி போதாது என்றார் மதிப்பீட்டாளர்.
எல்லாக் கையெழுத்தையும் இப்பவே போடட்டோ என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவர் பேனையை மூடினார்.

"சொல்லியிருந்தா எழுதியிருப்பன் சேர்."

கோபமில்லை அந்தக் குரலில்.
குடலைப் பருவப் பயிரோடு
வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பவனின் குரல்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை
மதகடியில் நிறுத்தினேன்.
சோழகம் பூசிய புழுதிக்குள்ளும்
பலகையில் திகதி தெரிந்தது,
நான் கேட்டு எழுதுவித்த திகதி.
"தெரிந்திருக்கும்" என்ற ஒரு சொல்லை
எத்தனை பிள்ளைகளின் தலையில் கட்டியிருப்பேன்?
பதினொரு வருசம். வருசத்துக்கு இரண்டு அணி.
கணக்குப் பார்க்கத் தொடங்கிப்
பாதியில் விட்டேன்.

ஆடியில் புது அணி.
கம்பியைத் தொட முதல் எழுதினேன்:
வரவு எண்பது வீதம்.
செய்முறை இருபத்துநான்கு, கையெழுத்து அன்றன்றே.
பதிவேட்டுக்கு எண்பது பக்கக் கொப்பி போதும்.
வாசித்தேன்.
ஒன்பது பத்துக்கு, பஸ் வந்தபிறகு, திரும்ப வாசித்தேன்.
தமிழில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன்.
பின்வாங்கிலிருந்து கேதாரன் கேட்டான்:
"காய்ச்சல் எண்டு வராட்டி, சேர்?"
அது என் தாளில் இல்லை.
எனக்கும் தெரியவில்லை.
நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று
அதையும் பலகையில் எழுதினேன்,
கேள்விக்குறியோடு.

எழில்வதனி இப்போது கிளிநொச்சியில்,
ஆடைத் தொழிற்சாலையில்.
தாளைப் படமெடுத்து அனுப்பினேன்.
அடுத்த தேர்வு தையில்,
செய்முறை திரும்பச் செய்யத் தேவையில்லை,
எழுத்தில் வாங்கிவிட்டேன் என்று.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
மறுமொழி இல்லை.

என் இரண்டு ஏக்கரில் கதிர் தலை சாய்த்துவிட்டது.
போன கிழமை
கடைசித் தண்ணீரைப் பூட்டினார்கள்,
சொன்ன நாளில்.